ரிவர்ஷன்: வீட்டுப் பத்திரத்திலும் புறாக்கூண்டிலும்

(தாவரவியல் படித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவன் நான். ரிவர்ஷன், அதாவது ‘திரும்புதல்’ என்ற சொல் இரண்டு துறையிலும் உண்டு. இரண்டு பக்கக் கேள்விகளும் வரலாம் என்று சொல்லியிருந்தேன், வந்துவிட்டன.)

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா தன் தங்கைக்கு, ‘ஆயுள் உள்ளவரை அனுபவித்து வர வேண்டியது, விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமை இல்லை’ என்று வீட்டைச் செட்டில்மெண்ட் எழுதினார். அதன்பின் யாருக்கு என்று எழுதவில்லை. தாத்தா முன்பே போய்விட்டார். அத்தைப்பாட்டி சென்ற மாதம் காலமானார். அவருடைய பிள்ளைகள் வீட்டைக் காலி செய்ய மறுக்கிறார்கள். வீடு எங்களுக்குத் திரும்புமா?

பதில்: திரும்புவது சுவாதீனம், அதாவது வீடு கைக்கு வருவது மட்டும்தான். உரிமை உங்கள் குடும்பத்தைவிட்டுப் போகவே இல்லை. தாத்தா கொடுத்தது ஆயுள்கால அனுபவம். மிச்சம் பத்திரம் பதிவான அன்றும் அவரிடமே இருந்தது. அந்த மிச்சத்துக்குத்தான் ரிவர்ஷன் என்று பெயர். அவருக்குப் பின் அது அவருடைய வாரிசுகளுக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன் 14(2) பிரிவு இத்தகைய நிபந்தனையை ஏற்கிறது.

ஆனால், மனைவிக்கு ஜீவனாம்சத்துக்கு ஈடாக இதே வாசகத்தை எழுதியிருந்தால் கதையே மாறியிருக்கும். அது 14(1)இன்படி முழு உரிமையாகிவிடும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே, எதற்காகக் கொடுத்தார் என்ற பத்தியை முதலில் படியுங்கள். பலர் சொத்து விவரத்துக்குத் தாவிவிடுகிறார்கள்!

கேள்வி: ‘அவளுக்குப் பின் என் மகனுக்கு’ என்று எழுதியிருந்தால்?

பதில்: மகனுக்குப் போவது ரிவர்ஷன் அல்ல, எஞ்சுரிமை. கொடுத்தவரிடமே தங்கினால்தான் ரிவர்ஷன்.

கேள்வி: வெள்ளைப் புறாவையும் கறுப்புப் புறாவையும் சேர்த்தேன். பேரக்குஞ்சு ஒன்று மாடப்புறா போல நீலச் சாம்பலாக, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டையோடு வந்திருக்கிறது. வெளிப்புறா ஏதாவது நுழைந்துவிட்டதா?

பதில்: கூண்டைச் சோதியுங்கள், ஆனால் அவசரப்பட்டுப் பழி போடாதீர்கள். டார்வின் வெள்ளை விசிறிவால் புறாவையும் கறுப்பு பார்ப் இனத்தையும் கலந்து, பேரக்குஞ்சாக இதே நிறத்தைக் கண்டார். மூதாதையின் தன்மை இப்படித் திரும்பத் தோன்றுவதையும் ரிவர்ஷன் என்றே எழுதினார். மூதாதையின் நிறத்துக்கான மரபணுக்கள் இரு இனங்களிலும் சிதறிக் கிடந்தன, கலப்பில் ஒன்றுகூடின. முதல் கேள்வியில் வந்த தாத்தா வீட்டைப் போலத்தான், இதுவும் எங்கும் போகவில்லை.

கேள்வி: அப்படியானால் மரபணு உண்மையில் போய்த் திரும்புவதே இல்லையா?

பதில்: திரும்பும். ஒரு வேதிப்பொருள் டி.என்.ஏ.வை மாற்றுமா என்று பார்க்கும் ஏம்ஸ் சோதனையே அதை நம்பித்தான் நடக்கிறது. வளரத் தேவையான ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் திறனை இழந்த சால்மொனெல்லா பாக்டீரியாவை, ஹிஸ்டிடின் ஏறக்குறைய இல்லாத தட்டில் பரப்பி, சந்தேகத்துக்குரிய வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். புதிய மரபணுத் திரிபால் இழந்த திறனைத் திரும்பப் பெற்றவை மட்டும் புள்ளி புள்ளியாக வளரும். வேதிப்பொருள் சேர்க்காத தட்டைவிடப் புள்ளிகள் மிக அதிகமென்றால், அந்தப் பொருள் டி.என்.ஏ.வை மாற்றுகிறது என்று பொருள்.

கேள்வி: வெள்ளை வரியோடிய செம்பருத்தியில் ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையாகிவிட்டது.

பதில்: இதுவும் ரிவர்ஷன்தான். அந்தக் கிளையை மட்டும் அடியோடு வெட்டுங்கள். பச்சைக்கிளைக்குப் பச்சையம் அதிகம். விட்டால் வேகமாக வளர்ந்து செடியையே விழுங்கிவிடும்.