மதச் சுதந்திரம் இல்லாத நாடுகள் என்று அமெரிக்கா போடுகிற பட்டியலில் பர்மா இருக்கிறது, சரி. அதனால் நமக்கு என்ன?

ஞாயிறு தமிழ் ஆராதனை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். யார் பெயரும் போடவில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

யாங்கோன் தாம்வேயிலிருந்து: சயா (ஆசிரியரே), மதச் சுதந்திரம் இல்லாத நாடு என்று அமெரிக்கா நம்மைப் பட்டியலில் வைத்திருக்கிறதாமே. வைத்து என்ன செய்கிறது?

1998-ல், கிளிண்டன் காலத்தில், இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதன்படி வெளியுறவுத் துறையில் ஒரு தனித் தூதர், துறைக்கு வெளியே ஒரு ஆணையம். ஆணையம் பரிந்துரைக்கும், முடிவு அரசின் கையில். 1999-ல் போட்ட முதல் பட்டியலிலேயே நாம் இருந்தோம். பிறகு வந்த பட்டியல்களிலும் பெயர் தொடர்கிறது.

பட்டியலில் சேர்த்தால் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஆனால் ஏற்கெனவே வேறு காரணத்துக்காகப் போட்ட தடையையே இதற்கும் கணக்குக் காட்டலாம் என்று சட்டத்தில் வழி இருக்கிறது. நமக்குக் காட்டியது பழைய ஆயுதத் தடை. பழைய ரசீதில் புதுத் தேதி போட்ட மாதிரிதான். சவுதி அரேபியாவும் பட்டியலில் உண்டு, ஆனால் தேசிய நலன் என்று சொல்லி விலக்கு கொடுத்துவிடுகிறார்கள்.

மோல்மீனிலிருந்து: அப்படியானால் பிரயோஜனமே இல்லையா, அண்ணே?

அப்படியும் சொல்ல மாட்டேன். நாட்டுக்குப் பலன் குறைவு. பெயர் தெரிந்த ஒரு ஆளுக்குச் சில நேரம் பலன் இருக்கிறது.

வடக்கே கச்சின் இனத்தாரின் பாப்டிஸ்ட் சபைத் தலைவர் கலாம் சாம்சனைப் பாருங்கள். 2019 ஜூலையில் வெள்ளை மாளிகையில் டிரம்ப் முன்னால் நின்று, நம் ராணுவத் தளபதிகள் மேல் தடை போட்டதற்கு நன்றி சொன்னார். ஊர் திரும்பியதும் ராணுவ அதிகாரி ஒருவர் வழக்குப் போட்டார். வெளியே சத்தம் கிளம்பியது, சில வாரங்களில் வழக்கை வாபஸ் வாங்கினார்கள். ஆனால் 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, 2022 டிசம்பரில், மாண்டலே விமான நிலையத்தில் அவரைப் பிடித்தார்கள். ஆறு வருடத் தண்டனை. 2024 ஏப்ரலில் புத்தாண்டுப் பொதுமன்னிப்பில் விட்டு, வீட்டில் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கக்கூட விடாமல் திரும்பக் கூட்டிப்போனார்கள். ஜூலையில்தான் மறுபடி விடுதலை.

அமெரிக்கா கேட்டதால்தான் விட்டார்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் வெள்ளை மாளிகையில் பேசியதுதான் அவர் மேல் கண் விழ முதல் காரணம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெகுவிலிருந்து: ராணுவம் அடிப்பது கிறிஸ்தவர் என்பதாலா, சின், கச்சின் இனத்தார் என்பதாலா?

பிரித்துச் சொல்ல முடியாதபடி பின்னிக்கிடக்கிறது. சின் மாநிலத்தில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். 2021 செப்டம்பரில் தாந்த்லாங் ஊரில் குண்டு விழுந்து வீடு எரிந்தது. அணைக்க ஓடிய போதகர் சுங் பியாக் ஹும்மைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மோதிர விரலை வெட்டி மோதிரத்தையும் எடுத்துப் போனதாகச் செய்தி வந்தது. அதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நம் யாங்கோனில் கோயில் மணி அடிக்கிறது, கிறிஸ்துமஸ் கீதம் பாடுகிறோம். சண்டை நடக்கிற மலையில் இருக்கிற சபைதான் எரிகிறது.

பள்ளிவாசலும் எரிகிறது, ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு நடந்தது உலகமே பார்த்தது, எதிர்த்துப் பேசிய பிக்குகளும் சிறையில் கிடந்தார்கள். "கிறிஸ்தவர்களைக் காப்பாற்று" என்று மட்டும் வெளிநாடு கேட்டால், மேற்கத்தியான் ஆட்கள் என்று நம் மேல் முத்திரை குத்த ராணுவத்துக்கு வசதியாகிவிடும். எல்லாருக்கும் கேட்டால்தான் நமக்கும் பாதுகாப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிரியத்திலிருந்து: இந்தியா ஏன் சும்மா இருக்கிறது?

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் கிறிஸ்தவர்களைச் சேர்த்தார்கள். ஆனால் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் கிறிஸ்தவர்களை மட்டும். பர்மா இல்லை, இலங்கையும் இல்லை. 2021 மார்ச்சில் எல்லையில் யாரையும் உள்ளே விடாதே என்று டெல்லி உத்தரவு போட்டது. மிசோரம் கேட்கவில்லை. சின்காரர்கள் அவர்களுக்கு ரத்த உறவு. முதல்வரே பிரதமருக்குக் கடிதம் எழுதினார், சபைகள் அரிசி கொடுத்தன. வெளியுறவுக் கொள்கை செய்யாததை ஒரு சின்ன மாநிலம் செய்தது.

தாம்வேயிலிருந்து இன்னொருவர்: துன்பப்படும் கிறிஸ்தவன் என்று சொன்னால் அமெரிக்க விசா கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. 2025 ஜனவரியில் அகதிகளைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். ஜூனில் நுழைவுத் தடை போட்ட 12 நாடுகளில் பர்மாவும் ஒன்று. ஒரு பட்டியலில் நமக்காகக் கவலை, இன்னொன்றில் நமக்குக் கதவடைப்பு. ஏஜென்ட் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மோல்மீன் இளைஞர்கள்: நாமும் வெளிநாட்டுக்கு மனு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் யோசித்து எழுதுங்கள். என் அடையாள அட்டையில் இனம், மதம் என்று ஒரு வரி இருக்கிறது. எந்த அலுவலக மேசையில் நீட்டினாலும் அதிகாரியின் விரல் முதலில் அந்த வரியில்தான் நிற்கும், அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார். 1982 குடியுரிமைச் சட்டத்தால் நம்மில் பலருக்கு இருப்பது முழுக் குடியுரிமை அட்டையே இல்லை. அதனால் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: தேதி, ஊர், என்ன நடந்தது. கேட்காமல் யார் பெயரையும் சேர்க்காதீர்கள். படத்தில் முகம் தெரிந்தால் வேண்டாம். அனுப்பின பிறகு போனில் பிரதி வைக்காதீர்கள், சோதனைச் சாவடியில் போனைத்தான் முதலில் கேட்கிறார்கள்.