நாத்தனார் மகனிடம் ஒப்பந்தம் கேட்கலாமா?

கேள்வி: ஜார்ஜ்டவுனில் மாமனார் காலத்துக் கடைவீட்டில் நானும் கணவரும் வசிக்கிறோம். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக மூன்று நாள் வீட்டைக் கேட்கிறார்கள். நாளுக்கு 800 ரிங்கிட் தருவார்களாம். கூடத்துச் சுவருக்கு மட்டும் வேறு வண்ணம் பூசிக்கொள்வார்களாம். கேட்டு வந்தவன் என் நாத்தனார் மகன். சொந்தப் பிள்ளையிடம் ஒப்பந்தம் கேட்பது முறையா?
– ஒரு வாசகி, பினாங்கு

பதில்: அன்புச் சகோதரி, தயங்காமல் கேளுங்கள். அவன் உங்கள் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் அவனோடு விளக்குக்காரர், ஒப்பனைக்காரர், கலைப்பிரிவினர் என்று முப்பது நாற்பது பேர் உள்ளே வருவார்கள். யாரோ ஒருவர் தரையோட்டை உடைத்துவிட்டால், எழுத்தில் எதுவும் இல்லாதபோது நீங்கள் போய் நிற்க வேண்டியது நாத்தனார் வாசலில். அந்தச் சங்கடம் வேண்டாம். கையெழுத்துப் போட வேண்டியது தயாரிப்பு நிறுவனம், அந்தப் பையன் அல்ல. வீட்டுப் பட்டா இன்னும் மாமனார் பெயரில் இருந்தால் நாத்தனாருக்கும் பங்கு இருக்கலாம். அவருடைய சம்மதத்தையும் வாங்கிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்தது அந்த வண்ணப் பேச்சு. பழைய கடைவீட்டுச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அவை மெல்ல மெல்ல வெளியே விடும். அதன்மேல் இக்கால எமல்ஷன் வண்ணத்தைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். நாளடைவில் பூச்சு உப்பிப் பொரிந்து உதிரும். படக்குழு அதற்குள் எங்கேயோ போயிருக்கும். ‘பழைய நிறத்தையே பூசித் தருகிறோம்’ என்பார்கள். அது மேலும் ஓர் அடுக்கு எமல்ஷன், அவ்வளவுதான். சுவரில் தூரிகை படக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நிறம் வேண்டுமானால் சுவருக்கு முன்னே பலகை நிறுத்தி அதில் பூசிக்கொள்ளட்டும். கலைப்பிரிவினருக்கு இது பழகிய வேலை. உங்கள் வீடு 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதிக்குள் இருந்தால், வெளிச்சுவரின் நிறத்தை மாற்ற மாநகர் மன்ற அனுமதி வேண்டும்.

பணத்துக்கு வருவோம். மூன்று நாள் என்பது படம் பிடிக்கும் நாள் மட்டுமா? பொருள்களை இறக்கும் நாளும் ஏற்றிச் செல்லும் நாளும் உங்கள் வீடு உங்களுடையதாக இருக்காது. அவற்றுக்கும் வாடகை கேளுங்கள். இரவு எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும், தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்றும் எழுதிக்கொள்ளுங்கள். முன்பணம் வாடகையோடு சேராமல் தனியாக இருக்கட்டும். சேதம் இல்லை என்று இரு தரப்பும் பார்த்த பிறகே அதைத் திருப்பிக் கொடுங்கள். வாடகைப் பணத்தை வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும்.

பழைய மின்கம்பிகள் அவர்களுடைய விளக்குகளைத் தாங்காது. ஜெனரேட்டரை அவர்களே கொண்டுவரட்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடியிருப்பு வீட்டுக்கு எடுத்த காப்புறுதி, வணிகப் பயன்பாட்டில் நேரும் சேதத்துக்குக் கைகொடுக்காமல் போகலாம். வீட்டு முகப்பில் உள்ள ஐந்தடி நடைபாதையில் பெட்டிகளை அடுக்கிவிட்டால் பக்கத்து வீட்டு முதியவர்கள் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பூசை அறையைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்திருங்கள். குடும்பப் படங்களைக் கழற்றி உள்ளே வையுங்கள். முதல் லாரி வருவதற்கு முந்தின மாலை, அந்தப் பையனைக் கூட அழைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையையும் தேதியோடு படம் எடுங்கள். தரையோட்டில் ஏற்கெனவே இருக்கும் விரிசலையும் அவனிடம் காட்டிவிடுங்கள்.