குடல் பாக்டீரியாவும் மூலிகையும் ஆண் ஹார்மோனைக் கூட்டுமா?

உங்களுக்கு 38 வயது, உடம்பில் சோர்வு, ரத்தம் இன்னும் பார்க்கவில்லை, குடல் பாக்டீரியாவைச் சரிசெய்து மூலிகைப் பொடி சாப்பிட்டால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ரத்தம் பாருங்கள், பொடி இப்போதைக்கு வேண்டாம். நான் கொடைக்கானலில் ஒரு லேபில் பதினோரு வருடமாக ரத்தம் எடுக்கிறேன். இதைச் சொல்வதற்குக் காரணம் எங்கள் அண்ணன்.

அண்ணன் பூம்பாறையில் பூண்டு போடுகிறார், வயது 46. ஒரு வருடமாக ஆளே துவண்டு கிடந்தார். மதினி என் மனைவியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்ன பிறகுதான் விஷயமே எனக்குத் தெரியும். டூரிஸ்ட் கடையில் வாங்கிய 'ஆண்மைப் பொடி'யை நாலு மாதமாகப் பாலில் கலக்கிக் குடித்திருக்கிறார். குளிரில் தொண்டை கட்டாமல் இருக்க ராத்திரி அதிமதுரக் கஷாயம் வேறு.

காலை ஏழரைக்கு, வெறும் வயிற்றில், நானே ரத்தம் எடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 231 நானோகிராம். பத்து நாள் கழித்து மறுபடி எடுத்தால் 244. பொதுவாக 300-க்குக் கீழே இரண்டு தடவை வந்து, அறிகுறியும் இருந்தால்தான் குறைபாடு என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து கொடுத்தால் அளவு தானாகவே இறங்கிக் காட்டும். மன்னவனூரிலிருந்து பஸ் பிடித்துப் பதினொன்றுக்கு வந்து நிற்பவர்களிடம், ராத்திரி டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் வாங்க என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பாவமாக இருக்கும். ஆனால் தப்பான நேரத்து நம்பரை நம்பி ஒருவர் வருஷக்கணக்கில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்வதை நினைத்தால் வேறு வழியில்லை.

டாக்டர் பிடித்தது வேறொன்றை. அண்ணனுக்கு பிரஷர் அதிகமாக 160/100, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவாக 3.1. "என்னென்ன சாப்பிடுறீங்களோ எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் அமுக்கரா (அஸ்வகந்தா), நெருஞ்சி, பூனைக்காலி, அதிமதுரம் என்று போட்டிருந்தது. அதாவது அதிமதுரம் இரண்டு வழியாக உள்ளே போயிருக்கிறது.

நீங்கள் கேட்ட தொடர்பு இங்கேதான் வருகிறது. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின். அது பெரும்பாலும் அப்படியே ரத்தத்தில் ஏறாது. குடல் பாக்டீரியா அதிலுள்ள சர்க்கரைப் பகுதியை வெட்டி, கிளிசிரெட்டினிக் அமிலமாக மாற்றிய பிறகே ஏறும். அந்த அமிலம்தான் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, பிரஷரை ஏற்றுகிறது. டெஸ்டோஸ்டிரோன் உருவாகும் கடைசிப் படியையும் அது தடுக்கக்கூடும். 1999-இல் இத்தாலியில் 7 ஆண்களுக்கு அதிமதுரம் கொடுத்துப் பார்த்தபோது ஹார்மோன் நன்றாகவே இறங்கியது. பின்னால் வந்த ஆய்வில் அவ்வளவு இறக்கம் தெரியவில்லை. எப்படியானாலும், ஆண்மைக்கென்று விற்கிற டப்பாவில் அது இருந்தது என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அமுக்கராவுக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. 2015-இல் வந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சி செய்த 57 இளைஞர்களில் தினம் 600 மில்லிகிராம் வீதம் எட்டு வாரம் எடுத்தவர்களுக்கு ஹார்மோன் கூடுதலாக ஏறியது. ஆனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள், குறைபாடு உள்ளவர்கள் இல்லை. அமுக்கராவால் கல்லீரல் பாதித்த கேஸ்களும் பதிவாகியிருக்கின்றன. நெருஞ்சி, விளையாட்டு வீரர்களிடம் பார்த்தபோது ஹார்மோனை ஏற்றவில்லை.

குடல் பாக்டீரியாவுக்கும் ஹார்மோனுக்கும் நேரடி உறவு இருப்பது உண்மைதான். 2013-இல் ஆண் எலியின் குடல் பாக்டீரியாவைப் பெண் எலிக்கு மாற்றியபோது அதன் டெஸ்டோஸ்டிரோன் ஏறியது. ஆனால் எலியில் கண்டதை வைத்து மனிதனுக்கு ப்ரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரை விற்பது சரியில்லை.

அண்ணனுக்குச் சர்க்கரையும் இருந்தது, ராத்திரி மூச்சு முட்டும் குறட்டையும் இருந்தது. இரண்டுமே ஹார்மோனைக் குறைக்கக்கூடும். பொடியையும் கஷாயத்தையும் விட்டார், சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பித்தார், எட்டுக் கிலோ இறங்கினார். ஆறு மாதம் கழித்து 338. எதனால் எவ்வளவு ஏறியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பொட்டாசியமும் பிரஷரும் மட்டும் கஷாயத்தை விட்ட சில வாரத்திலேயே சரியாகிவிட்டன.

இன்னொன்று, குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி வெளியிலிருந்து போனால் மூளை விரைக்கு அனுப்பும் சிக்னல் குறைந்து, விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாம். போகும்போது வீட்டில் இருக்கிற பொடி, லேகியம், கஷாயப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.