ஹேக்கில் வழக்குப் போடலாமா?

கேள்வி: என் தம்பியை 2008இல் கொட்டாஞ்சேனையில் வீட்டு வாசலில் வைத்து வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொலிஸில் முறைப்பாடு செய்தோம், ஆட்கொணர்வு மனுவும் போட்டோம். தவணை மேல் தவணையாகப் போகிறது. இப்போது ஒருவர், ஹேக்கில் சர்வதேச வழக்குப் போட்டுத் தருகிறேன் என்று மூன்று லட்சம் ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு அக்கா, வெள்ளவத்தை

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி.

ஹேக்கில் இருப்பவற்றில் நாம் பேச வேண்டியவை இரண்டு நீதிமன்றங்கள். காசு கேட்டவர் எதைச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியுமோ என்னவோ. முதலாவது சர்வதேச நீதிமன்றம். அங்கே நாட்டின் மேல் நாடுதான் வழக்குப் போடலாம், தனியாளுக்கு இடமில்லை. நாடுகளுக்குள்ளும் எதிர்த்தரப்பு அந்த நீதிமன்றம் தன்னை விசாரிப்பதற்கு ஏதோ ஒரு வகையில் சம்மதித்திருக்க வேண்டும். எந்த வழக்கென்றாலும் வருகிறேன் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் பிரகடனத்தை இலங்கை கொடுக்கவில்லை. 1950இல் சேர்ந்த இனப்படுகொலைச் சமவாயம் மாதிரியான சில ஒப்பந்தங்கள் வழியாக ஒரு சின்ன வழி இருக்கிறது. 2019இல் மியன்மார் மீது காம்பியா வழக்குப் போட்டது அந்தச் சமவாயத்தை வைத்துத்தான். ஆனால் அதற்கும் இன்னொரு அரசாங்கம் முன்வர வேண்டும்.

மற்றது சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். அதை உருவாக்கிய ரோம் சாசனத்தில் இலங்கை சேரவே இல்லை. நாளைக்கே சேர்ந்தாலும், 2008க்குப் பின்னோக்கிப் போவதற்கு அரசாங்கமே தனியாக எழுதிக்கொடுக்க வேண்டும். ஐ.நா. பாதுகாப்புச் சபை விவகாரத்தை அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்கலாம், ஆனால் அங்கே ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று மறுத்தாலே தடுத்துவிடும் வீட்டோ இருக்கிறது. அந்த நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநருக்கு யாரும் தகவல் எழுதி அனுப்பலாம், அதற்கு ஒரு சதமும் கட்டணமில்லை. மூன்று லட்சம் எதற்கென்று அவரிடமே கேளுங்கள்.

இதற்காக, இலங்கை வெளியார் முன்னால் போய் நிற்காத நாடு என்று நினைத்துவிடாதீர்கள். 1987 ஜனவரியில் மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்த இறால் பண்ணை படை நடவடிக்கையில் அழிந்தது. அங்கே வேலை செய்தவர்களும் கொல்லப்பட்டார்கள். பண்ணையில் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் கம்பனி, பிரித்தானியாவுடன் இலங்கை செய்திருந்த முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, முதலீட்டுப் பிணக்குகளுக்கான சர்வதேச நடுத்தீர்ப்புக்குப் போனது. இலங்கையும் போய் வாதாடியது. 1990இல் கம்பனிக்கு 460,000 டொலரும் வட்டியும் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. செத்தவர்களின் குடும்பங்கள் போக அப்படியொரு வாசல் இருக்கவில்லை. சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வழக்கை நான் சொல்லாமல் விடுவதில்லை.

சரி, உங்களுக்கு என்ன வழி? ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமைகள் குழு. தொலைக்காட்சிச் செய்தியில் வரும் மனித உரிமைகள் பேரவையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது அரசாங்கங்களின் சபை. சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைக்கு விருப்ப நெறிமுறை என்றொரு துணை ஒப்பந்தம் உண்டு, 1997இல் இலங்கை அதில் சேர்ந்ததால், தனியாள் இந்தக் குழுவுக்கு முறையிடலாம். கட்டணம் இல்லை.

ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பொலிஸில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கப்பட்ட ஒருவர் இந்தக் குழுவிடம் போனார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று குழு 2004இல் சொன்னது. அதைக் கொண்டுவந்து நம் உயர் நீதிமன்றத்தில் வைத்தார். பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் 2006இல், ஜனாதிபதி அந்த நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண், உள்நாட்டில் அது செல்லாது என்று தள்ளிவிட்டது. அதற்காக நாடு நெறிமுறையிலிருந்து விலகவும் இல்லை. இந்த இரட்டைப் போக்கில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விலகாத காரணத்தால்தான் குழு உங்கள் முறைப்பாட்டை இன்னும் எடுக்க முடிகிறது. அது சொல்வதை இங்கே அமுல்படுத்த ஆளில்லை என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

உள்நாட்டு வழிகளை முடித்துவிட்டுத்தான் போகலாம் என்பது விதி. நியாயமில்லாமல் இழுபடும் வழக்குக்கு விலக்கு உண்டு. அந்த இழுபறியை நாம்தான் காட்ட வேண்டும். என்னிடம் வந்த ஒரு அம்மா, தவணைத் திகதி எழுதிய துண்டுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். சில துண்டில் மை மங்கிப்போய், திகதி மட்டும் தெரிந்தது. அவற்றை வரிசைப்படுத்தி, எந்தத் தவணையில் யார் வரவில்லை என்று எழுதியதும் பாதி மனு தயார். நீங்கள் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய் வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுங்கள். தமிழ், சிங்கள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஆட்கொணர்வு மனுவை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். காசுக்குச் சிரமமென்றால் அங்கேயே சட்ட உதவி ஆணைக்குழுவிலும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், அந்த ஆள் ஏற்கெனவே உங்களிடம் வெற்றுத்தாளிலோ அற்றோணித் தத்துவத்திலோ கையெழுத்து வாங்கியிருந்தால் உடனே எழுதுங்கள். அதை ரத்துச் செய்வது தனிக் கதை.