டெல்லித் தேர்தலும் மதுரைக் கோப்பும்

வாசகர் கேள்வி – பதில்

துடுப்பைக் கையில் பிடித்து, முன்னோக்கிப் பார்த்தபடி படகு ஓட்டும் கயாக்கிங், கனோயிங் விளையாட்டுகளின் தேசியச் சங்கத் தேர்தலில் நிற்பது பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சில.

கல்லூரி நாட்களில் கயாக்கில் மாநிலப் போட்டி வரை போயிருக்கிறேன். இப்போது மாவட்டச் சங்கச் செயலாளர். அடுத்த முறை தேசியச் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்லி நண்பர்கள் உசுப்பேற்றுகிறார்கள். நேராக மனு போட்டுவிடலாமா?
— மேலூர் வாசகர்

போடலாம். பரிசீலனை அன்றே தள்ளுபடியாகும்.

இந்தியாவில் இந்த விளையாட்டை நடத்துவது இந்தியக் கயாக்கிங் – கனோயிங் சங்கம். அதில் உறுப்பினர் நீங்கள் அல்ல, உங்கள் மாநிலச் சங்கம். 2011-ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு மேம்பாட்டு நெறிமுறையோடு வந்த மாதிரித் தேர்தல் விதிகளின்படி, ஒவ்வொரு மாநிலச் சங்கமும் இரண்டு பிரதிநிதிகளை அனுப்பும். ஆளுக்கு ஒரு ஓட்டு. 28 மாநிலமும் 8 யூனியன் பிரதேசமும் மொத்தமாக வந்தால்கூட அந்த வகையில் 72 ஓட்டுக்கு மேல் இல்லை. மாவட்டச் செயலாளருக்கு அங்கே ஓட்டும் இல்லை, முன்மொழியும் உரிமையும் இல்லை.

அடுத்தது தகுதி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், தலைவர், பொதுச்செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்று பதவிகளுக்கும் தனி வடிகட்டி வைத்திருக்கிறது. ஒன்று, நீங்கள் சிறப்புத் தகுதி பெற்ற விளையாட்டு வீரராக இருக்க வேண்டும். மாநிலப் போட்டி அனுபவத்தை வைத்து அந்த வாசலில் நுழையலாம் என்று எண்ண வேண்டாம். இல்லையென்றால், தேசியச் செயற்குழுவில் உறுப்பினராகவோ, மாநிலச் சங்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் இவற்றில் ஒன்றாகவோ ஒரு முழுப் பதவிக்காலமாவது இருந்திருக்க வேண்டும். மாநிலத் துணைத் தலைவர், இணைச் செயலாளர் பதவிகள் அந்த மூன்றில் சேராது. கௌரவத்துக்காகத் துணைத் தலைவர் பதவி கொடுக்கிறார்கள் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். தகுதிக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

ஆகவே உங்கள் பாதை மாவட்டத்திலிருந்து மாநிலப் பொருளாளர் அல்லது செயலாளர், பிறகு டெல்லி. மூன்றில் பொருளாளர் பதவிக்குத்தான் போட்டி குறைவு. கணக்குப் பார்க்கத் தெரிந்த ஆள் எந்தச் சங்கத்திலும் பஞ்சம்தான்.

மாநிலச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் பைலாவில் பதவிக்காலம் நான்கு ஆண்டு. ஆடிட்டரோ, மூன்று ஆண்டுக்கு மேல் செல்லாது என்கிறார். எது சரி?
— திருமங்கலம் வாசகர்

ஆடிட்டர் சொல்வதுதான் சரி. தேசியத் தேர்தலில் நம் ஊர்க்காரர்கள் சறுக்கி விழும் இடமும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, பிரிவு 15 படி செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது. மறுபடி தேர்வாகலாம், ஆனால் மறுபடி தேர்தல் நடந்திருக்க வேண்டும். தேசியச் சங்கத்தின் பதவிக்காலம் நான்கு ஆண்டு. அதைப் பார்த்து மாநில பைலாவிலும் ‘நான்கு’ என்று எழுதிவிடுகிறார்கள். மூன்று ஆண்டு முடிந்த மறுநாளிலிருந்து அந்தக் குழு எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் கேள்வி கேட்கலாம். தேசியத் தேர்தலுக்கு இரண்டு பிரதிநிதிகளை அனுப்பும் தீர்மானமும் அதில் அடக்கம்.

ஒரு சங்கம் 2022 ஜூனில் குழுவைத் தேர்வு செய்தது என்று வையுங்கள். தேசியத் தேர்தல் அறிவிப்பு 2025 செப்டம்பரில் வருகிறது. பைலாப்படி 2026 ஜூன் வரை பதவி இருக்கிறது என்று நம்பி, செயலாளர் லெட்டர்பேடில் இரண்டு பெயரை எழுதி அனுப்புகிறார். எதிரணிக்காரர் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கடைசியாகத் தாக்கலான படிவம் 7-இன் சான்றிட்ட நகலை வாங்கித் தேர்தல் அதிகாரியிடம் நீட்டுகிறார். குழுவின் காலம் ஜூனிலேயே முடிந்துவிட்டது அதில் பளிச்சென்று தெரியும். இரண்டு ஓட்டும் அங்கேயே சிக்கலாகும். அந்த இரண்டு பேரில் ஒருவர் வேட்பாளர் என்றால் அவர் மனுவும் ஆட்டம் காணும்.

படிவம் 7 என்பது குழுவில் யார் வந்தார், யார் போனார் என்று பதிவாளருக்குத் தெரிவிக்கும் தாள். மாற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தேர்தலை ஒழுங்காக நடத்திவிட்டு இதைத் தாக்கல் செய்ய மறந்த சங்கங்கள் ஏராளம். நடந்த தேர்தலே நடக்காதது போல ஆகிவிடும். தாக்கல் செய்ததோடு நிற்காமல், அலுவலகத்தில் ஏற்கப்பட்டு வரிசையில் ஏறிவிட்டதா என்றும் பாருங்கள். குறைபாடு சொல்லித் திருப்பிய தாள் மேசை டிராயரில் தூங்கும்.

படிவம் 6, உறுப்பினர் பதிவேடு. சந்தா கட்டிய தேதியும் அதுவும் பொருந்த வேண்டும். பொதுக்குழு அறிவிப்பை பைலா சொல்லும் நாள் கணக்குப்படி அனுப்புங்கள். பல பைலாக்களில் 21 நாள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும் என்று இருந்துவிடாமல் ஸ்பீடு போஸ்ட் ரசீதுகளை ஒரு கவரில் போட்டு, தீர்மானப் புத்தகத்தோடு வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் இடம்விட்டு எழுதி, பின்னால் பெயரைச் செருகும் பழக்கம் சில இடங்களில் உண்டு. மசியின் நிறமே காட்டிக்கொடுக்கும்.

முதல் பதிலில் சொன்ன ‘முழுப் பதவிக்காலம்’ என்பதற்கும் ஆதாரம் இதே படிவம் 7-தான். பதவி ஏற்றதற்கு ஒன்று, அடுத்த குழு வந்ததற்கு ஒன்று, இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள். ஒருவர் ராஜினாமா செய்த இடத்தில் நடுவில் நியமிக்கப்பட்டவர், அந்த மீதிக் காலத்தை முழுப் பதவிக்காலம் என்று சொல்லிப் பார்க்கலாம்; எதிரணி விடாது.

வேட்பு மனுவில் எதெல்லாம் தவறாகப் போகும்?
— சோழவந்தான் வாசகர்

பெரிய சட்டச் சிக்கலால் விழும் மனுவைவிடச் சின்னக் கவனக்குறைவால் விழும் மனுதான் அதிகம். பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, மாநிலச் சங்கக் கடிதத்தில் ஒரு மாதிரி, மனுவில் வேறு மாதிரி இருக்கும். நம் ஊர் இனிஷியல் வடக்கே போனால் விரிந்து தகப்பனார் பெயராகி, பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். மூன்று தாளிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

முன்மொழிபவரும் வழிமொழிபவரும் இறுதி வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். வரைவுப் பட்டியலில் இருந்தது போதாது. அதே ஆள் அதே பதவிக்கு இன்னொருவருக்கும் கையெழுத்துப் போட்டிருந்தால் இரண்டும் கேள்விக்குள்ளாகும். உங்களுக்குக் கையெழுத்துப் போட்டவர் மாலையில் எதிரணி ஹோட்டல் அறையில் டீ குடிப்பதும் நடக்கிற காரியம்தான். விதி அனுமதித்தால் இரண்டு செட் மனு, வெவ்வேறு முன்மொழிபவரோடு தாக்கல் செய்யுங்கள்.

மாநிலச் சங்கத்தின் அங்கீகாரக் கடிதத்தில் தலைவர், செயலாளர் இருவரும் கையெழுத்திட்டு, பெயர் முடிவான கூட்டத்தின் தேதியும் தீர்மான எண்ணும் இருந்தால் வாதம் செய்ய இடமில்லை. ஒரே மாநிலத்திலிருந்து இரண்டு கோஷ்டி இரண்டு கடிதம் அனுப்பும் கூத்து அடிக்கடி நடக்கும். அப்போது எடுபடுவது பதிவாளர் சான்றிட்ட குழு எதுவோ அதன் கடிதம்தான்.

வயது: 70-க்கு உட்பட்டிருக்க வேண்டும். 70 முதல் 75 வரை உள்ளவர், சர்வதேச அமைப்பின் விதி இடம்கொடுத்தால் மட்டும் நிற்கலாம். மேல்மட்டப் பதவிகளில் தொடர்ந்து மூன்று முறை, அதாவது 12 ஆண்டு இருந்துவிட்டால் ஒரு பதவிக்காலம் ஒதுங்கியிருக்க வேண்டும்.

பிறகு நேரம். மாலை 4 மணி என்றால் 4 மணிதான். மதுரையிலிருந்து அன்று காலை விமானம் ஏறிப் போய்க் கொடுக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். டெல்லியில் டிசம்பர், ஜனவரிப் பனிமூட்டத்தில் விமானம் எப்போது இறங்கும் என்பது விமானிக்கே தெரியாது.

வைகை அணைப் பக்கம் ரோயிங் கிளப் தொடங்கும் எண்ணம். நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகையும் வைப்போம். இந்த உறுப்பினர்கள் எல்லாம் கணக்கில் வருவார்களா?
— ஆண்டிபட்டி வாசகர்

வரமாட்டார்கள். ரோயிங்கில் துடுப்பு படகோடு பொருத்தப்பட்டிருக்கும், ஓட்டுபவர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்வார். அதற்கு இந்திய ரோயிங் சம்மேளனம் தனியாக இருக்கிறது. கயாக், கனோவில் துடுப்பு கையில்தான், பார்வை முன்னோக்கி. நின்றபடி போகும் பலகைக்கு உலக அளவில் சர்ஃபிங் அமைப்பும் கனோ அமைப்பும் மோதி, ஒலிம்பிக் அளவில் உரிமை சர்ஃபிங் அமைப்புக்கே என்று 2020-இல் விளையாட்டு நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. கிளப்பில் எல்லாம் இருக்கட்டும். இணைப்பு வாங்கும்போது கயாக், கனோவுக்குத் தனி உறுப்பினர் பட்டியல் வையுங்கள்.

செயற்குழுவில் பெண்களுக்கு நான்கு இடம் என்கிறார்களே, பெயருக்கா?
— மதுரை வாசகி

குழு 15 பேருக்கு மேல் போகக்கூடாது, அதில் குறைந்தது நான்கு பேர் பெண்கள், குறைந்தது இரண்டு பேர் சிறப்புத் தகுதி பெற்ற விளையாட்டு வீரர்கள் என்பது புதுச் சட்டம். பெயருக்கு ஆகுமா இல்லையா என்பது மாநிலங்கள் யாரை அனுப்புகின்றன என்பதைப் பொறுத்தது. அனுப்பும் இரண்டு பிரதிநிதிகளில் ஒருவர் பெண்ணாக இருந்தால் அந்த மாநிலத்தைத் தேடி எல்லா அணியும் வரும். நான்கு இடத்தை நிரப்ப ஆள் தேடி அலைவார்கள் அல்லவா? இதைச் சலுகையாகப் பார்க்காமல் பேரம் பேசும் பலமாகப் பயன்படுத்துங்கள் அம்மா.

மற்ற மாநிலங்களிடம் ஓட்டுக் கேட்கப் போனால் என்ன வாக்குறுதி கொடுப்பது? மதுரைக்கு ஒரு போட்டித் தளம் கொண்டுவருவேன் என்று சொல்லலாமா?
— உசிலம்பட்டி வாசகர்

அசாம்காரருக்கும் மணிப்பூர்காரருக்கும் மதுரைத் தளத்தால் என்ன லாபம்? அதோடு, தளம் அமைப்பது தேசியத் தலைவர் கையில் இல்லை. நீர்வளத்துறையும் மாநில அரசும் மனது வைக்க வேண்டும்.

அளவையும் பாருங்கள். ஒலிம்பிக் தரத்தில் 9 தடம், ஒவ்வொன்றும் 9 மீட்டர்; அகலம் மட்டும் 81 மீட்டர். நீளம் 1000 மீட்டரும், படகு நிற்க அதற்கு மேலும் வேண்டும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறக்குறைய 305-க்கு 290 மீட்டர். நடுவில் நீராழி மண்டபம். ஒரு ஓரமாக 200 மீட்டர் ஓட்டம் வைக்கலாம், சிறுவர்களுக்கு. ஒருவர் ஓட்டும் வேகமான கயாக்கான கே-1 படகு 200 மீட்டரை 35 விநாடி வாக்கில் கடக்கும். அந்த வேகத்தில் முடிவுக்கோட்டைத் தாண்டி வரும் 5 மீட்டர் நீளப் படகுக்கு எதிரே கருங்கல் படிக்கட்டு. கண்மாய்களில் தண்ணீர் நிற்கும் மாதங்கள் நிச்சயமில்லை, ஆகாயத்தாமரை வேறு. வைகை அணையில் நீளம் உண்டு. ஆனால் நீர்மட்டம் இறங்க இறங்கக் கரை சேறாகி, படகு இறக்கும் இடம் தள்ளித் தள்ளிப் போகும்.

தலைவர் கையெழுத்தால் நடக்கக்கூடியதைச் சொல்லுங்கள். தேர்வுப் போட்டிக்கு 90 நாள் முன்பே தகுதி நேரத்தை வெளியிடுவது. வெளியூர் அணிகளால் படகு கொண்டுவர முடியாது, நடத்தும் மாநிலம் தரும் படகில்தான் ஓட்டுவார்கள். நல்ல படகு உள்ளூர்க்காரருக்கும் ஓட்டை உடைசல் விருந்தாளிக்கும் போகிறது என்பது எல்லா ஊர்ப் புகாரும். முந்தின நாள் காலையில் குலுக்கல் போட்டு ஒதுக்கி, கால்தாங்கியையும் இருக்கையையும் தம் உயரத்துக்கு மாற்றிக்கொள்ள மாலை வரை நேரம் கொடுப்பது. பாரா கனோ வீரர்களுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி வீரர்களுக்கு, தேர்வை அதே தளத்தில், அதே நாட்களில் வைப்பது. இவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டாம், சுற்றறிக்கை போதும்.

ஓட்டுக் கேட்கப் போகும்போது மாநிலச் செயலாளரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். ஓட்டு யார் கையில் என்பது அந்த மாநிலப் பொதுக்குழு முடிந்த பிறகுதான் உறுதியாகும்.

தோற்றுவிட்டால், அல்லது பட்டியலிலேயே முறைகேடு என்றால் எங்கே போவது?
— வாடிப்பட்டி வாசகர்

பட்டியல் மீதான ஆட்சேபத்தைக் குறித்த நாளுக்குள் எழுத்தில் தேர்தல் அதிகாரியிடம் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அதை விட்டுவிட்டு முடிவு வந்த பிறகு கத்துபவரை யாரும் மதிப்பதில்லை. மாநிலச் சங்கத்துக்குள் கோளாறு என்றால் சங்கங்கள் சட்டம் பிரிவு 36-இன் கீழ் பதிவாளர் விசாரிக்கலாம். அதற்கு மேல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. தேசிய அளவிலான தகராறுகளுக்குப் புதுச் சட்டம் தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயத்தை வைத்திருக்கிறது; அதன் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில். எங்கே போனாலும் முதலில் கேட்கும் தாள் படிவம் 7, அடுத்தது நீங்கள் குறித்த நாளுக்குள் கொடுத்த ஆட்சேபத்தின் நகல்.