பரங்கிக்காயின் பங்காளி

கேள்வி: என் மருமகள் வாரந்தோறும் ப்ரோக்கோலி, ஜுகினி என்று புதுப்புதுக் காய்களாக வாங்கி வருகிறாள். போன வாரம் ப்ரோக்கோலி ஒரு வாய் வைத்தேன். ஒரே பச்சை வாடை. தட்டை ஒதுக்கிவிட்டேன். என்னைப் பார்த்து ஐந்து வயதுப் பேரனும் ஒதுக்கிவிட்டான். மருமகளுக்கு முகம் வாடிப்போனது. முருங்கை, அவரை, கேரட், பீன்ஸ், சௌசௌ, பரங்கி என்று பாட்டன் பூட்டன் சாப்பிட்ட நம் நாட்டுக்காய்கள் போதாதா? 68 வயதில் நாக்கை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

– வாசகர் ஒருவர், தாம்பரம்

பதில்: நாக்கை மாற்றிக்கொள்ள வேண்டாம். ஆனால் தட்டை ஒதுக்கியது தப்பு. அதுவும் பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒதுக்கியது பெரிய தப்பு.

முதலில் உங்கள் பட்டியலைப் பார்ப்போம். ஆறு காய் எழுதியிருக்கிறீர்கள். முருங்கையும் அவரையும்தான் இந்த மண்ணுக்குப் பழையவை. மற்ற நான்கும் கடல் கடந்து வந்தவை. பீன்ஸ், சௌசௌ, பரங்கி மூன்றுக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டம். இன்று நாம் சாப்பிடும் கேரட் ஐரோப்பியர் கொண்டுவந்தது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி மலையேறி, பிறகு உதகையிலேயே வீடு கட்டி, சீமைக் காய்கறிகளை அங்கே பயிரிட வைத்தார். மலைக்காய்கறி என்று நாம் சொல்வதன் தொடக்கம் அது. இருநூறு ஆண்டுதான் ஆகிறது. உங்கள் பூட்டனின் பூட்டன் கேரட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

பரங்கிக்காய்க்கோ எங்கிருந்து வந்தது என்பது பெயரிலேயே இருக்கிறது. பரங்கியர் கொண்டுவந்த காய் பரங்கிக்காய். அது இல்லாமல் இன்று தைப்பொங்கல் கூட்டு உண்டா? சர்க்கரைவள்ளியும் அதே அமெரிக்கக் கிழங்குதான். அதுவும் பொங்கல் படையலில் உட்கார்ந்திருக்கிறது. தக்காளியின் கதை இன்னும் அழகு. தக்காளி என்ற பெயர் நம் மணத்தக்காளி வகைகளுக்கு உரியது. புதிதாக வந்ததைச் சீமைத்தக்காளி என்றோம். நாளடைவில் சீமை உதிர்ந்துபோய், அதுவே தக்காளி ஆகிவிட்டது.

இதையெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்கவில்லை. பல வீடுகளில் திவசச் சமையலில் கேரட், பீன்ஸ், கோஸ், உருளை, தக்காளி எதுவும் சேராது. காரத்துக்கு மிளகாய் இல்லை, மிளகுதான். முன்னோர் அறியாததை முன்னோருக்குப் படைக்கக் கூடாது என்று அந்த ஒரு நாளைக்கு மட்டும் பழைய சமையலைக் காப்பாற்றி வைத்தார்கள். மற்ற 364 நாளும் அதே அடுப்பில் புதுக்காய்களைத்தான் தாளித்தார்கள். அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

மரவள்ளியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, இந்தப் பிரேசில் கிழங்கைக் குடிமக்கள் பயிரிட வேண்டும் என்று முன்னின்று பரப்பினார். அறுபது ஆண்டு கழித்து, 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த ரங்கூன் அரிசி நின்றுபோனது. அன்று திருவிதாங்கூரில் அடங்கியிருந்த கன்னியாகுமரிப் பக்கம் உட்பட எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது மரவள்ளிக்காகத்தான். தெரியாத கிழங்கு என்று தாத்தாக்கள் ஒதுக்கியிருந்தால் பேரன்கள் பட்டினி கிடந்திருப்பார்கள்.

இப்போது உங்கள் பேரனுக்கு வருகிறேன். இரண்டிலிருந்து ஆறு வயது வரைக்கும் குழந்தைகள் புதுச் சாப்பாட்டைக் கண்டு பின்வாங்குவது இயற்கை. கண்டதை வாயில் போட்டு ஆபத்தில் மாட்டாமல் இருக்க உடம்பே போட்டுக்கொண்ட வேலி அது. எட்டுப் பத்துத் தடவை, சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேலே, கட்டாயப்படுத்தாமல் ஒரு துண்டு கண்ணில் காட்டி, வாயில் வைக்கச் சொன்னால் வேலி தானாகத் தளர்கிறது. பிள்ளைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது. வீட்டுப் பெரியவர்கள் அதையே ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் தளரும். உங்கள் வீட்டில் முதல் தடவையிலேயே தாத்தா தட்டை ஒதுக்கிவிட்டார். மருமகள் இனி அடுத்த ஒன்பது தடவையும் தனியாகப் போராட வேண்டும். அவள் முகம் வாடியதற்குக் காரணம் அதுதான்.

உங்கள் நாக்கையும் நான் குறை சொல்லவில்லை. கோஸ் வகைக் காய்களின் கசப்பு சிலருக்குப் பிறவியிலேயே தூக்கலாகத் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆனாலும் ஒரே வாயில் தீர்ப்பு எழுதக் கூடாது.

எனக்கே இது நடந்திருக்கிறது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். அருப்புக்கோட்டைச் சந்தையில் ஒரு பாட்டி சாக்கை விரித்து, சுண்டுவிரல் நுனி அளவில், வரிவரியாக, கரும்பச்சையில் ஒரு காயைக் குவித்து வைத்திருந்தார். அதலைக்காய். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கரிசல் காட்டில் தானாக முளைத்துக் கொடியோடுவது. "வாங்குனா இன்னைக்கே ஆக்கிருங்கய்யா, வச்சா வெடிச்சுப்போகும்" என்றார். நறுக்க வேண்டியதில்லை, காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, சின்ன வெங்காயத்தோடு நல்லெண்ணெயில் முறுக வதக்கினால் போதும். முதல் வாய் எனக்கு இறங்கவில்லை. பாகற்காய்க்குப் பழகிய நாக்கிலேயே அந்தக் கசப்பு புதிதாக ஏறியது. நண்பர் வீட்டு அம்மா அடுத்த வேளைக்கும் இரண்டு கரண்டி வைத்தார். மரியாதைக்குச் சாப்பிட்டேன். மறுநாள் பருப்புச் சோற்றோடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இப்போது ஐப்பசி பிறந்தால் யாராவது விருதுநகர்ப் பக்கம் போகிறார்களா என்று விசாரிக்கிறேன்.

நாட்டுக்காய் என்று உரிமை கொண்டாடுகிறீர்களே, அதலைக்காய் சாப்பிட்டதுண்டா? தென்காசி, திருநெல்வேலிக்காரர்கள் பொங்கலுக்குச் சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தோல் உரிக்கும் சிறுகிழங்கு? வாள் போல நீண்டு தொங்கும் தம்பட்டங்காய்? உங்கள் பேரனுக்கு ப்ரோக்கோலியைவிட இவைதான் அந்நியம். இவற்றையும் ஒரு முறை வாங்கிவந்து சமைக்கச் சொல்லுங்கள். மருமகள் மறுக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். புதுக்காய் வாங்கத் தயங்காத பெண் அவள்.

சத்துக்காக மட்டும் ப்ரோக்கோலி வாங்குவதாக இருந்தால் அவசியமில்லை, விலையும் அதிகம், முருங்கைக்கீரை இருக்கிறது. ஆசைக்கு வாங்கினால் சமைக்கும் விதத்தை மாற்றுங்கள். கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், ப்ரோக்கோலி எல்லாம் ஒரே செடியினத்தை மனிதர்கள் விதவிதமாக வளர்த்தெடுத்தவை. ப்ரோக்கோலியைக் குழைய வேகவிட்டால் கந்தக வாடை கிளம்பும். நீங்கள் சொல்லும் வாடை அதுவாக இருக்கலாம். கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, மூடி போடாமல் நாலைந்து நிமிடம் வதக்கி, தேங்காய்த் துருவல் தூவி இறக்கச் சொல்லுங்கள். தண்டையும் எறிய வேண்டாம், தோல் சீவிச் சேர்க்கலாம்.

ஜுகினி பரங்கிக்காயின் பங்காளி, அதே குடும்பம். பாசிப்பருப்பு வேகவைத்து, தேங்காய் சீரகம் அரைத்துவிட்டு, பரங்கிக்காய்க் கூட்டு எப்படி வைப்பீர்களோ அப்படியே வைக்கலாம். தண்ணீர் விடும் காய் என்பதால் கடைசியில் சேர்த்தால் போதும். ஒன்றில் மட்டும் கவனம்: ஜுகினியோ சுரைக்காயோ, சமைக்குமுன் ஒரு சிறு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கடுமையாகக் கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறியுங்கள். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரிழந்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு.

கூட்டு தயாரானதும் முதல் கரண்டியை உங்கள் தட்டில் போடச் சொல்லுங்கள். பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவன் தட்டில் ஒரே ஒரு துண்டு போதும்.