ராமநாதபுரம் கடலோரத்தில் படமெடுக்கப் போகும்போது 4, 7 வயதுக் குழந்தைகளையும் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. கேமராவைத் தொட்டுத் தொட்டு ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

கேமராவைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன் சகோதரி. பிள்ளைகள் ஓடித் தொடும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறது, கூட வேறு பெரியவர் யாரும் இல்லை என்றால் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். ஃபோகஸ் பார்த்து நிமிர்வதற்குள் 4 வயதுப் பிள்ளை பத்தடி போயிருக்கும். முழங்கால் தண்ணீர்கூட அந்த வயதுக்கு ஆழம்தான். படம் எடுத்தே ஆக வேண்டிய நாளில் அம்மாவையோ தங்கையையோ கூட்டிப் போங்கள். அவர் கையில் போனும் இருக்கக் கூடாது.

பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்று தனுஷ்கோடியில் சொல்வார்கள். பெண் கடல்தானே என்று எல்லா மாதமும் நம்பிவிடாதீர்கள். வாடைக்காற்று மாதங்களில் அதுவும் கொந்தளிக்கும். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நீரோட்டம் இழுக்கும், அங்கே குழந்தைகளைக் கால் நனைக்கவும் விட வேண்டாம். இடத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால் அரியமான் கடற்கரை நல்லது. சவுக்கு நிழல் இருக்கிறது, காற்று அடங்கிய மாதங்களில் அலையும் குறைவு.

நேரம், விடிந்து முதல் முக்கால் மணி. பிள்ளைகள் சிணுங்காமல் இருப்பதும் அப்போதுதான், வெயில் சாய்ந்து விழுவதும் அப்போதுதான். ஓடும் பிள்ளைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி, உட்கார்ந்து தோண்டும் பிள்ளைக்கு 1/250 போதும். வெள்ளை மணலைப் பார்த்து கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் ஏமாந்துபோய்ப் படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

இந்தக் கரையில் கேமராவைக் கெடுப்பது மணலும் உப்பும். ஈரக் கையோடு பிள்ளை லென்ஸைத் தொட்டதும் புடவைத் தலைப்பால் துடைத்துவிடத் தோன்றும். செய்யாதீர்கள். ஒட்டியிருக்கும் மணல் கண்ணாடியில் கோடு போட்டுவிடும். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, ப்ளோயரால் (அமுக்கினால் காற்றடிக்கும் ரப்பர் குமிழ்) நாலைந்து முறை ஊதுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், கடைசியில் உலர்ந்த துணி. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தால் அது போகாது. லென்ஸின் முன்னால் மாட்டும் காப்புக் கண்ணாடியான யுவி ஃபில்டர் கட்டாயம். கரையில் லென்ஸ் மாற்றவே வேண்டாம். டிரைபாட் (முக்காலி) கால்களை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நீட்டி வைத்தே காயவிடுங்கள். பூட்டுக்குள் மணல் இருக்கும்போது திருகினால் மரை தேய்ந்துவிடும்.

ப்ளோயரைச் சின்னப் பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கிறவர்கள் உண்டு. கொடுக்கலாம், ஆனால் அது தனி ப்ளோயராக இருக்க வேண்டும். மணலில் வைத்து அமுக்கி விட்டால் மணலை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அதையே வீட்டில் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாருக்கு எதிரே பிடித்தீர்கள் என்றால், உறிஞ்சிய மணல் எல்லாம் அங்கேதான் போய் விழும்.

பையில் எட்டாமல் வைக்க வேண்டியவை: ரிமோட், டிரிக்கர்களில் இருக்கும் பட்டன் பேட்டரி, சிலிக்கா ஜெல் பொட்டலம். பட்டன் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாய் 2 மணி நேரத்துக்குள்ளேயே வெந்துவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள். நீல நிற ஜெல்லில் கோபால்ட் என்ற நச்சுப் பொருள் சேர்ப்பதுண்டு, வெள்ளையை வாங்குங்கள். டெலி லென்ஸ் (தொலைவைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்) மாட்டிய டிஎஸ்எல்ஆரில் சூரியனைப் பார்க்க எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள். கண் போய்விடும்.

பொறுக்கி வரும் பொருள்களைப் பற்றி: பவளம், கடல் குதிரை, கடல் அட்டை மூன்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. செத்துக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. பெரியவளுக்கோ பெரியவனுக்கோ பழைய போனைக் கொடுத்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள், அளவும் பதிவாகிவிடும். 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவரே பவளக்கல்தான். மிக அருகில் போய்ப் பார்த்தால் பூ விரிந்த மாதிரி சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் உயிர் குடியிருந்த இடம். காலைச் சாய்வெயிலில் மேக்ரோ (மிக நெருக்கப் படம்) எடுக்க அதைவிட நல்ல பாடம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

இனி கேள்விகள். "கேமராக்குள்ள படம் எப்படிம்மா வருது?" என்று கேட்டால் வாயால் விளக்க வேண்டாம். நடுப்பகலில் ஓலைக் கொட்டகைக்குள் கூட்டிப் போங்கள். தரையில் வட்ட வட்டமாக வெயில் விழுந்திருக்கும். ஓலையில் உள்ள ஓட்டையோ கோணல்மாணல். பின் ஏன் வட்டம்? விழுவது ஓட்டையின் வடிவமில்லை, சூரியனின் படம். சந்தேகமிருந்தால் அட்டையில் 3 மி.மீ. முக்கோணத் துளை போட்டு வெயிலில் பிடியுங்கள். தாளைத் துளையை ஒட்டி வைத்தால் முக்கோணம் தெரியும். 2 மீட்டர் தள்ளி வைத்தால் ஏறக்குறைய 2 செ.மீ. வட்டம். 2010 ஜனவரி 15-ல் தனுஷ்கோடியில் தெரிந்ததே, அந்த மாதிரி கங்கண கிரகணம் வரும்போது இந்த வட்டங்கள் எல்லாம் வளையங்களாகிவிடும்.

அடுத்த படி வீட்டில். வெயில் அடிக்கும் தோப்பைப் பார்த்த ஜன்னலைக் கறுப்பு சார்ட் அட்டையால் இடைவெளியில்லாமல் மூடி, நடுவில் 1 செ.மீ. துளை. எதிரே வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டு, கண் இருட்டுக்குப் பழக 10 நிமிடம் உட்காருங்கள். தென்னை மரம் தலைகீழாக வேட்டியில் ஆடும். துளையைப் பாதியாக்கினால் மட்டை தெளிவாகும், ஆனால் மங்கும். வெளிச்சம் நுழையும் துளைக்கு அப்பெர்ச்சர் என்று பெயர், அந்தச் சொல்லை அந்த நேரத்தில் சொல்லிக் கொடுங்கள். படம் தெரியவே இல்லை என்றால் வேறெங்கோ வெளிச்சம் கசிகிறது என்று பொருள், கதவிடுக்கைத் துணியால் அடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.